டிப்பரின் பந்தும் மேபலின் பன்றிக்குட்டியும்: ஒரு காலப்பயண அத்தியாயத்தின் நிகழ்வு ஆய்வு

அக்கா தம்பி சண்டையை வைத்து ஒரு கார்ட்டூன் அத்தியாயம் எழுதுவது சுலபம். ஒருவர் கத்த, மற்றவர் பதிலுக்குக் கத்த, கடைசி இரண்டு நிமிடத்தில் பெரியவர் யாராவது வந்து சமாதானம் செய்துவைத்தால் வேலை முடிந்தது. காலப்பயணமும் அப்படித்தான். விநோதமான ஒரு கருவி, அதைக் கையில் எடுக்கும் அவசரக்குடுக்கை, குளறுபடி, எல்லாம் பழையபடி ஆவது என்று அதற்கும் ஓர் அச்சு இருக்கிறது. இரண்டையும் ஒரே கதையில் சேர்த்தால் பெரும்பாலும் ஒன்று இன்னொன்றுக்கு அலங்காரமாகப் போய்விடும். டைனோசர் முன்னால் நின்று சண்டை போடுவார்கள், ஆனால் அதே சண்டையைச் சமையலறையில் நின்றும் போட்டிருக்கலாம்.

'கிராவிட்டி ஃபால்ஸ்' தொடரின் முதல் சீசனில் 9ஆவது அத்தியாயமான 'தி டைம் டிராவலர்ஸ் பிக்' அப்படிப் போகவில்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில் சண்டையிலிருந்து காலப்பயணத்தைப் பிரித்து எடுக்கவே முடியாது. அதன் இயக்கத்தைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

தொடரும் ஆட்களும்

அலெக்ஸ் ஹிர்ஷ் உருவாக்கிய தொடர் இது. 2012 ஜூனில் தொடங்கி 2016 பிப்ரவரியில் முடிந்தது. 2 சீசன், 40 அத்தியாயம். டிப்பர், மேபல் என்ற 12 வயது இரட்டையர் கோடை விடுமுறைக்கு ஓரிகான் மாநிலத்துக் கற்பனை ஊர் ஒன்றுக்கு வருகிறார்கள். தாத்தாவின் சகோதரரான ஸ்டான் அங்கே 'மிஸ்டரி ஷாக்' என்ற பெயரில், சுற்றுலாப் பயணிகளை ஏமாற்றிக் காசு பார்க்கும் விநோதப் பொருள் காட்சிக்கூடம் ஒன்றை நடத்துகிறார்.

ஹிர்ஷுக்கும் ஓர் இரட்டைச் சகோதரி உண்டு. மேபலை அவரை வைத்துத்தான் படைத்ததாகவும், சின்ன வயதில் பன்றிக்குட்டி வளர்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்ததாகவும் ஹிர்ஷ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்த அத்தியாயத்துக்கு இது முக்கியமான தகவல். கதையில் தம்பி அக்காவுக்காக எதை விட்டுக்கொடுக்கிறான் என்ற கேள்வியின் நடுவே ஒரு பன்றிக்குட்டி இருக்கிறது. நிஜத்தில் சகோதரிக்குக் கிடைக்காத குட்டியைத் தம் கதையில் வாங்கிக் கொடுத்திருக்கிறார் ஹிர்ஷ்.

மேபல் ஐந்து நிமிடம் மூத்தவள். டிப்பரைவிட ஒரு மில்லிமீட்டர் உயரம் என்று வேறோர் அத்தியாயம் முழுக்கச் சண்டை நடக்கும். ஆக, போட்டி இந்தத் தொடரில் நிரந்தரமாக உண்டு. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் வெறுப்பதில்லை. அன்பு இருக்கும் இடத்தில் போட்டியை எழுதுவதுதான் கடினம்.

நடந்தது என்ன

மிஸ்டரி ஷாக்கில் ஸ்டான் ஒரு திருவிழா நடத்துகிறார். பொம்மை வெல்லும் கடைகள், ராட்டினம், இலக்கில் பந்து பட்டால் ஆள் தொட்டிக்குள் விழும் விளையாட்டு எல்லாம் உண்டு. அந்தத் தொட்டியின் மேலே ஸ்டானே உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு ஓங்கி எறிந்தாலும் விழாதபடி கருவியில் கைவரிசை காட்டியிருக்கிறார்.

டிப்பருக்கு 15 வயது வெண்டி மேல் ஒருதலைக் காதல். அவள் ஆசைப்பட்ட பொம்மையை வென்று கொடுக்கப் பந்தை எறிகிறான். பந்து துள்ளித் திரும்பி வெண்டியின் கண்ணிலேயே படுகிறது. ஐஸ் எடுக்க ஓடுகிறான். திரும்பி வருவதற்குள் கிடார் வாசிக்கும் ராபி அவள் பக்கத்தில் நிற்கிறான், வெளியே போகலாமா என்று கேட்கிறான், அவளும் சரி என்கிறாள். டிப்பரின் கோடை அங்கேயே இடிந்து விழுகிறது.

அதே நேரத்தில் மேபலுக்கு வாழ்நாளின் மிகச் சிறந்த நாள். பன்றியின் எடையைச் சரியாகச் சொல்லும் போட்டியில் ஒரு குட்டியை வென்று வாடில்ஸ் என்று பெயர் வைக்கிறாள்.

திருவிழாவில் சுற்றும் ஒரு வழுக்கைத் தலை ஆசாமி வருங்காலத்திலிருந்து வந்தவன் என்று டிப்பருக்குத் தெரியவருகிறது. அவன் பெயர் பிளெண்டின் பிளாண்டின். அவனுடைய காலக்கருவி பார்ப்பதற்கு அளவுநாடா மாதிரியே இருக்கும். வேண்டிய அளவுக்கு இழுத்து விட்டால் அவ்வளவு காலம் தாவலாம். இரட்டையர் அதைத் திருடுகிறார்கள்.

டிப்பர் அந்த எறிதலுக்குத் திரும்பத் திரும்பப் போகிறான். எப்படி எறிந்தாலும் பந்து வெண்டியின் கண்ணையே தேடிப் போகிறது. கோணம் போட்டுக் கணக்குப் பார்த்து, மேபல் துணைக்கு இருந்தால் மட்டும் முடியும் என்று கண்டுபிடிக்கிறான். அவளும் வந்து சரியான நொடியில் பந்தின் பாதையை மாற்றிவிடுகிறாள். இலக்கு விழுகிறது, வெண்டிக்குப் பொம்மை கிடைக்கிறது, ராபிக்கு வழியில்லாமல் போகிறது. ஆனால் மேபல் பன்றிக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊரின் பணக்காரச் சிறுமி பசிஃபிகா அந்தக் குட்டியை வென்றுவிடுகிறாள்.

திரும்பிப் போய் மாற்றலாம் என்கிறாள் மேபல். முடியாது என்கிறான் டிப்பர். நாடாவுக்காக இழுபறி நடக்கிறது. குடியேறிகளின் மாட்டுவண்டிக் காலம், டைனோசர் காலம், இடிந்து கிடக்கும் வருங்காலம் என்று உருள்கிறார்கள். கடைசியில் டிப்பர் தன் வெற்றியைத் தானே திரும்ப வைத்துவிட்டு வருகிறான். பந்து மறுபடி வெண்டியின் கண்ணில் படுகிறது, மேபலுக்கு வாடில்ஸ் கிடைக்கிறது.

முடிச்சு போட்டிருக்கும் விதம்

இந்த அத்தியாயத்தின் கெட்டிக்காரத்தனம் எனக்கு ஓர் இடத்தில்தான் முழுதாகத் தெரிகிறது. டிப்பரின் எறிதல் ஏன் தொடர்ந்து தோற்கிறது?

முதல் பார்வையில் அது விதி மாதிரி இருக்கிறது. எத்தனை தடவை போனாலும் அதே கண், அதே ஐஸ், அதே ராபி. நடந்ததை மாற்ற முடியாது என்பது காலப்பயணக் கதைகளின் பழைய நம்பிக்கை. அத்தியாயமும் கொஞ்ச நேரம் நம்மை அந்தப் பக்கம் சாய விடுகிறது. பிறகுதான் தெரிகிறது, விதி இங்கே எதையும் தடுக்கவில்லை. டிப்பர் தனியாக எறிகிறான் என்பதுதான் குறை. கணக்கில் விடுபட்டுப்போன எண் அவனுடைய அக்கா.

மேபல் கை கொடுத்ததும் கணக்கு சரியாகிறது. அவள் கை கொடுத்ததால்தான் அவள் குட்டியை இழக்கிறாள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கெட்டவன் யாரும் சதி செய்து பன்றியைப் பறிக்கவில்லை. பசிஃபிகா அங்கே இருந்தாள், விளையாடினாள், வென்றாள், அவ்வளவுதான். மேபலின் நஷ்டம் அவள் தம்பிக்குச் செய்த உதவியிலிருந்து நேராக வருகிறது. அதனால் டிப்பர் அவள் மேல் எந்தப் பழியும் போட முடியாது. அவள் பொறாமைப்படுகிறாள், கெடுக்கிறாள் என்று சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழி விடவில்லை கதை.

பெரும்பாலான காலப்பயணக் கதைகளில் ஒரு சின்ன மாற்றம் எங்கோ தொலைவில் ஒரு பெரிய விளைவைக் கொண்டுவரும். இங்கே விளைவு பத்தடி தள்ளி, பக்கத்துக் கடையில் நடக்கிறது. யாருக்கு நடக்கிறது என்பதும் தெரியும். ஒரே மதியம்தான் இருக்கிறது. அதில் தம்பி ஜெயிக்கும் கிளை ஒன்று, அக்கா ஜெயிக்கும் கிளை ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரே கிளையாக்க நாடாவால் முடியவில்லை. வீட்டில் ஒரே ஜன்னலோர இருக்கைக்கு இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொள்வதன் அமைப்பு அப்படியே இதில் இருக்கிறது. காலக்கருவி வந்து அந்தச் சண்டைக்குக் கணித வடிவம் கொடுக்கிறது.

முன்னால் போய்ப் பார்ப்பது

ஒரு மாமூல் உத்தி இங்கே புதுவேலை செய்கிறது. வருங்காலத்தை எட்டிப் பார்த்து மனம் திருந்துவது நூற்றாண்டுகளாகக் கதைகளில் வருவது. வழக்கமாக ஓர் ஆவியோ ஞானியோ தவறு செய்பவனை இழுத்துப் போய்க் காட்டுவார்கள். இங்கே டிப்பர் தானே போகிறான், அதுவும் தன் கட்சியை நிரூபிக்கப் போகிறான். பன்றிதானே, ஒரே நாளில் மறந்துவிடுவாள் என்பது அவன் வாதம். ஒரு நாள் தாவிப் பார்க்கிறான். மேபல் மரத்தூணில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்னும் தள்ளிப் போகிறான். ஒரு மாதம் கழித்தும் அதே தூண், அதே முட்டல்.

டிப்பர் எப்படிப்பட்டவன் என்பது இந்த இடத்தில்தான் நன்றாகப் பயன்படுகிறது. அவன் துப்பறிகிறவன், குறிப்பெடுக்கிறவன், எதையும் சோதித்துப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வான். அவனை மாற்ற அறிவுரை போதாது, சான்று வேண்டும். அவனே ஒரு கருதுகோளை வைக்கிறான், அவனே சோதிக்கிறான், முடிவு அவனுக்கு எதிராக வருகிறது. வீட்டுப் பெரியவரான ஸ்டான் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஊரைச் சவாலுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார். பஞ்சாயத்துக்கு அவர் வரவே இல்லை. அத்தியாயம் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. பெரியவர் வந்து தீர்த்த சண்டையில் பிள்ளைகள் தீர்மானிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அதுவரை பின்னோக்கிப் போன பயணங்கள் பெரும்பாலும் டிப்பரின் ஆசைக்காக நடந்தவை. முன்னோக்கிப் போன இந்தப் பயணம்தான் மேபலின் பக்கத்தைக் காட்டுகிறது. நாடா அதே நாடாதான், இழுக்கும் திசை மாறியதும் அது யாருக்காகப் பேசுகிறது என்பது மாறிவிடுகிறது.

தூணில் தலை முட்டும் காட்சியின் தொனியையும் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் பன்றி ஒரு நகைச்சுவை. எடையைச் சொல்லும் போட்டியிலேயே, 'பதினஞ்சு பவுண்டான்' என்ற பொருளில் எடையைப் பெயராகவே வைத்துக் கூப்பிடுகிறார் குட்டியின் சொந்தக்காரர். மேபல் 15 பவுண்டு என்றதும் அவளை மந்திரக்காரியாக நினைத்து மிரள்கிறார். இப்படி இலேசாக உள்ளே வந்த ஒரு பிராணியைக் கதையின் பாதி தூரத்தில் ஒரு காதலுக்கு இணையான எடையில் வைக்க வேண்டும். அதற்கு மேபலை அழவிட்டிருக்கலாம். அழவிடாமல், தலை முட்டுவது என்ற கொஞ்சம் வேடிக்கையான அசைவைக் கொடுத்து, அதையே நாள் கணக்கில் நிறுத்தாமல் ஓட விடுகிறார்கள். முதலில் சிரிப்பு வருகிறது. ஒரு மாதம் ஆன பின் பார்க்கும்போது சிரிக்க முடியவில்லை.

விசாரணைக்கு வந்தவனே காரணம்

பிளெண்டின் ஏன் அந்தத் திருவிழாவுக்கு வந்தான்? அந்த இடத்தில் அந்த நாளில் காலக்குழப்பங்கள் நடக்கப்போகின்றன என்று வருங்காலத்தில் தெரிந்ததால், அவற்றைத் தடுக்க அனுப்பப்பட்டான். குழப்பங்கள் எதனால் நடந்தன? அவன் கொண்டுவந்த நாடாவை இரட்டையர் திருடியதால். அவன் வராமலே இருந்திருந்தால் எதுவும் நடந்திருக்காது. தன்னையே பிறப்பிக்கும் காரணம் என்ற இந்த வளையம் காலப்பயணக் கதைகளில் சாதாரணமாக வருவதுதான். இங்கே அதைப் பற்றி யாரும் நின்று விளக்கம் கொடுக்காமல் கதை கடந்துபோவது நல்லது.

இதைவிட அழகு இன்னொன்று. முந்தைய சில அத்தியாயங்களின் பின்னணியில், கண்ணுக்குப் படாத ஓரத்தில் இதே பிளெண்டின் நிற்பது வரையப்பட்டிருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறான். 9ஆவது அத்தியாயத்தின் முடிவில், இரட்டையர் உண்டாக்கிய குளறுபடிகளைச் சுத்தம் செய்ய அவனை அனுப்பும்போதுதான் அவன் அங்கெல்லாம் ஏன் நின்றான் என்பது விளங்குகிறது. காலப்பயணத்தைக் கதைக்குள் மட்டும் வைக்காமல், பார்ப்பவர்களையும் பழைய அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போக வைத்த ஏற்பாடு இது. விதையை இவ்வளவு முன்னால் போட்டுவிட்டு, யாரும் கவனிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று காத்திருந்த பொறுமை மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஸ்டானின் தொட்டியும் இந்தக் கைவேலையின் சிறிய உதாரணம்தான். வருங்கால லேசர் பீரங்கி ஏதாவது இருந்தால்தான் என்னை விழவைக்க முடியும் என்கிற ரீதியில் அவர் பெருமை பேசுகிறார். கடைசியில் அவரை வீழ்த்துவது வருங்காலத்து ஆயுதம்தான்.

ஒட்டாத இடங்கள்

விதிகளில் ஓட்டை இருக்கிறது. டிப்பர் அதே நொடிக்குத் திரும்பிப் போகும்போது அங்கே ஏற்கெனவே இருந்த டிப்பர் எங்கே போனான் என்பதற்குப் பதில் இல்லை. 22 நிமிட அத்தியாயத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள எனக்குச் சிரமமாக இருப்பது வெண்டி. அவளுடைய மதியம் மறுபடி மறுபடி கலைத்து அடுக்கப்படுகிறது, அவளுக்குத் தெரியாமலே. அவள் யாரோடு போவாள் என்பது யார் முதலில் ஐஸ் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பொறுத்தது போல் கதை நடந்துகொள்கிறது. பொம்மை, பன்றி, வெண்டி என்று திருவிழாவில் வெல்லக்கூடிய பரிசுகளின் வரிசையில் அவளும் நிற்கிறாள். டிப்பரின் தியாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவன் விட்டுக்கொடுப்பது தன் ஆசையை. ஆனால் அதற்காக மறுபடி அடிபடுவது வெண்டியின் கண். அக்காவின் வருத்தத்தை ஒரு மாதம் தாவிப்போய் அளந்து பார்த்த பையனுக்கு இதைப் பற்றி ஒரு நொடி தயக்கமாவது இருந்திருக்க வேண்டும். ராபியை இன்னும் கொஞ்சம் மனிதனாக எழுதியிருந்தாலும் வெண்டியின் சம்மதத்துக்கு அர்த்தம் கூடியிருக்கும்.

இதே கருவில் வேறொரு கார்ட்டூனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2009இல் வந்த 'ஃபினியஸ் அண்ட் ஃபெர்ப்' தொடரின் 'குவாண்டம் பூகலூ' அத்தியாயத்தில், தம்பிகளை அம்மாவிடம் ஒருமுறையாவது மாட்டிவிட வேண்டும் என்ற ஆசை வளர்ந்து தாயான பிறகும் கேண்டஸுக்குப் போகவில்லை. காலயந்திரத்தில் பின்னால் போய் மாட்டியும் விடுகிறாள். விளைவு, கற்பனைக்கே தடை போட்ட ஒரு கொடுங்கோல் வருங்காலம். அங்கே அக்காவின் வெற்றிக்கு உலகமே விலை கொடுக்கிறது. வேடிக்கைக்கு அது பொருத்தம். ஆனால் உலகம் அழியும் என்றால் விட்டுக்கொடுப்பதில் தேர்வு என்று ஒன்றுமில்லை, யாரும் விட்டுக்கொடுப்பார்கள். டிப்பரின் முன்னால் இருப்பது உலகம் இல்லை, அக்கா ஒருத்தியின் மனம். அவன் பேசாமல் இருந்திருந்தால் சூரியன் வழக்கம்போல் உதித்திருக்கும். அதனால்தான் அவன் எடுத்த முடிவு அவனுடையதாக இருக்கிறது.

அதற்குப் பிறகு

கார்ட்டூன்களில் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற பழக்கம் உண்டு. இங்கே ஆகவில்லை. ராபியும் வெண்டியும் முதல் சீசனின் பின்பகுதி வரைக்கும் சேர்ந்தே இருக்கிறார்கள், டிப்பர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. திருட்டுக்கொடுத்த பிளெண்டினும் சும்மா போகவில்லை. 2014இல் வந்த 'பிளெண்டின்ஸ் கேம்' அத்தியாயத்தில், வேலையும் மானமும் போய்ச் சிறைக்குப் போன மனிதனாக வந்து இரட்டையரைப் பழிவாங்கப் பார்க்கிறான். தங்கள் வீட்டுச் சண்டையில் மூன்றாவது ஒருவரின் வாழ்க்கை நசுங்கியது என்பதை அவர்கள் அப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள். வெண்டி விஷயத்தில் கிடைக்காத கணக்குத்தீர்ப்பு பிளெண்டின் விஷயத்திலாவது கிடைக்கிறது.

வாடில்ஸ் கடைசி வரை தொடரில் இருக்கிறது. இறுதி அத்தியாயத்தில் ஸ்டானின் நினைவு முழுக்க அழிந்துபோகிறது. மேபல் தன் புகைப்பட ஆல்பத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது வாடில்ஸ் அவர் மேல் ஏறி முகத்தை நக்குகிறது. அவர் அதைப் பெயர் சொல்லி விலகச் சொல்கிறார். நினைவு திரும்புகிறது என்பதற்கு வீட்டாருக்குக் கிடைக்கும் முதல் அடையாளம் அந்தப் பெயர்தான். டிப்பர் அன்று நாடாவைத் திரும்ப இழுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பன்றி அந்த வீட்டிலேயே இருந்திருக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ரசிகர்களிடையே ஒரு மனக்குறை நெடுநாளாக உண்டு: எப்போதும் டிப்பர்தான் விட்டுக்கொடுக்கிறான், மேபல் வாங்கிக்கொள்கிறாள் என்பது. 2015இல் வந்த 'டிப்பர் அண்ட் மேபல் வெர்சஸ் தி ஃபியூச்சர்' அத்தியாயமும் அதன் தொடர்ச்சியும் அந்தக் குறைக்குத் தீனி போடுகின்றன. அதில் கோடை முடியவே கூடாது என்று ஏங்குகிறவள் மேபல். அவளை ஏமாற்ற வரும் பில் சைஃபர் என்ற, தொடரின் முக்கிய வில்லன், பிளெண்டினின் உடம்பில் புகுந்து வருகிறான். டிப்பர் ஊரிலேயே தங்கி ஆராய்ச்சி கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் கைவிட்டு அக்காவோடு ஊர் திரும்புகிறான். பன்றிக்குட்டி அத்தியாயத்தின் கணக்கு இன்னும் பெரிய தொகையில் மறுபடி எழுதப்பட்டது போலத்தான் இருக்கிறது.

அந்தக் குறையில் நியாயம் உண்டு, ஆனால் பாதிதான். 2014இல் வந்த 'சாக் ஓபரா' அத்தியாயத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டிப்பரின் உடம்பைப் பில் பிடித்துவைத்திருக்கிறான். ஒரு பையனைக் கவர மேபல் ஆசையாகத் தயாரித்த பொம்மலாட்டம் மேடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சகோதரனுக்காக யாராவது தன் உழைப்பை எல்லாம் தொலைப்பார்களா என்கிற மாதிரி பில் அவளைச் சீண்டுகிறான். டிப்பர் தொலைப்பான் என்பது அவளுக்குத் தெரியும், அவன் ஏற்கெனவே செய்திருக்கிறான். ஊரார் முன்னால் தன் நாடகத்தைத் தானே பாழாக்கித் தம்பியைக் காப்பாற்றுகிறாள், அந்தப் பையனும் போய்விடுகிறான். மேபலைச் சுயநலக்காரி என்பவர்கள் இந்தக் காட்சியை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.